சின்னம்மாவின் உத்தியோகம்

2006 ஜூலை 9
சின்னம்மாவுக்கு ஏதோ ஒரு குளிர்நாட்டில் இருக்கிற எங்கள் நாட்டுத் தூதரகத்தில் இரண்டாம் செயலாளர் வேலையாம். அம்மா நாவற்குடா ஊர் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். அம்மாவுக்கு மறதி. சுனாமி முகாமுக்கு வெள்ளைக்காரர்களைக் கூட்டிவந்த இதே தங்கச்சிதான், வரிசையில் நின்ற அம்மாவிடம் சிரித்தபடி, "உங்கட பேர் என்ன?" என்று கேட்டவர். அம்மாவும் "சீதேவிப்பிள்ளை" என்று பதில் சொன்னார். சொந்த அக்காவைத் தெரியாதவர் நாட்டைப் பற்றி வெளிநாட்டுக்காரருக்குச் சொல்லப் போகிறாராம்.

ஜூலை 21
அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் ரதீஸ் அண்ணாவையும் என் சிநேகிதி அஜந்தாவின் அண்ணா நிலோஜனையும். டியூசன் விட்டு வரும்போது, பட்டப்பகலில், வாவிக்கரை ரோட்டில். ஒரு வான் வண்டியில். யார் என்று ஊருக்கே தெரியும்; ஆமியோடு சேர்ந்து திரிந்து, சண்டைக்குப் பொடியன்களைப் பிடிக்கிறவர்கள். ஒளித்து வைக்கிற இந்தக் கொப்பியில்கூட அவர்களின் பெயரை எழுத எனக்குப் பயம். டோர்ச் வெளிச்சம் வெளியே தெரியுமோ—

ஜூலை 23
இரண்டு அம்மாக்களும் பிடித்தவர்களுடைய முகாம் வாசலில் காலையிலிருந்து நின்றார்கள். "இஞ்ச அப்படி ஒருத்தரும் இல்ல" என்றானாம் காவலுக்கு நின்றவன். அவன் காலில் நிலோஜனின் செருப்பு.

ஜூலை 30
சின்னம்மா வந்தார். வீட்டுக்கு இல்லை, புளியந்தீவு ஹோட்டலுக்கு. நாங்கள்தான் போய்ப் பார்த்தோம். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய முறைப்பாட்டை, போத்தல் தண்ணீர் குடித்தபடி வாசித்தார். பிடித்தவர்கள் வரும் வரிகளையெல்லாம் பேனையால் வெட்டினார். வெட்டி முடிந்தபோது அண்ணா வயல் வட்டையில் தானாகத் தொலைந்துபோன மாடு மாதிரி இருந்தார்.
"இத ஒருத்தருக்கும் குடுக்காதீங்க அக்கா. நான் பாக்கிறன்."
பார்க்கிறாராம். அடுத்த கிழமை விமானம்.

ஓகஸ்ட் 17
நாய் குரைத்தால் அம்மா எழும்பி உட்காருகிறார். என்னையும் பிடிப்பார்களா? யாரிடம் கேட்பது?

செப்டெம்பர் 19
வானொலியில் சின்னம்மா. அஜந்தாவின் அம்மாவும் எங்கள் வீட்டில் இருந்து கேட்டார். மட்டக்களப்பில் பொடியன்களைப் பிடிக்கிறார்களாமே என்று செய்தியாளர் கேட்க, குரலில் தேன் ஒழுகச் சொன்னார்: "நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தான். என் சொந்த அக்கா அங்கே இருக்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை."
இப்போது மட்டும் அக்காவைத் தெரிகிறது. சீ, இதுக்கா படிச்சவ? இதுக்கா சம்பளம்?
அஜந்தாவின் அம்மா மெதுவாக எழும்பினார். "உங்கட தங்கச்சி நல்லாக் கதைக்கிறா" என்றார். கோபமாகக்கூட இல்லை.

செப்டெம்பர் 24
அண்ணா வந்துவிட்டார். மத்தியானம் சந்தியில் இறக்கிவிட்டார்களாம். எலும்பும் தோலுமாக.
அவர் சோற்றில் கைவைக்கும் முன் தொலைபேசி அடித்தது. நானும் காதை ஒட்டிக்கொண்டேன்.
"வந்திட்டானா?" என்றார் சின்னம்மா. நாங்கள் இன்னும் ஒருவருக்கும் சொல்லவே இல்லை. அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.
"இதுக்காகவா அப்பிடிச் சொன்ன?"
"சொல்லச் சொன்னத சொன்னன். விட்டுட்டாங்க."
"மற்றப் புள்ள?"
"ஒரு பேர்தான் அக்கா கேக்கலாம்."
நன்றி சொல்லச் சொல்லி அம்மா தொலைபேசியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை.

செப்டெம்பர் 26
அண்ணா சுவரைப் பார்த்தபடி சொன்னார்: நிலோஜன் பத்து நாளுக்கு முன்வரை பக்கத்துப் பாயில்தான் படுத்தவராம். பிறகு சண்டைக்கு ஏற்றிப் போனார்களாம். இதை வெளியே சொன்னால் அண்ணாவைத் திரும்பவும் ஏற்றுவார்கள்.
பின்னேரம் வாசல் படலையில் அஜந்தா நின்றாள். "உன்ட அண்ணா எங்கட அண்ணாவக் கண்டவராமா?"
நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன். "ரெண்டு பேரையும் அண்டைக்கே பிரிச்சுப் போட்டாங்களாம் புள்ள. மறுகா ஒருநாளும் காணல்லயாம்" என்றேன். நிலோஜன் அண்ணா எங்கேயோ சுகமாக இருப்பார் என்றும் சொன்னேன். என் குரல் நடுங்கவே இல்லை.
அஜந்தா நம்பிவிட்டாள். அழுதுகொண்டே எனக்கு நன்றி சொன்னாள்.