தேவை: இன்சுலின், மாம்பழம், மாப்பிள்ளை

பிப்ரவரி 9

நெட் போய் ஏழாம் நாள். ஒம்துர்மான் முழுக்க ஒரு போனும் மணியடிக்கவில்லை. ஆனால் என் பட்டியல் ஓடுகிறது! எழுதும்போது கொஞ்சம் திமிர் வருகிறது. வரட்டும், ஒரு வருஷம் உட்கார்ந்து செய்தவள் நான்தானே.

எந்தக் கிணற்றில் தண்ணீர், எந்த வீட்டில் பொதுச் சமையல், யாருக்கு என்ன மருந்து வேண்டும், அது எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எந்தக் கம்பெனியின் கணினியிலும் இல்லை. ஒவ்வொரு போனிலும் முழுப் பட்டியல். இரண்டு போன்கள் பத்தடி நெருங்கினால் ஒன்றிடம் இல்லாததை மற்றது வாங்கிக்கொள்ளும். கரண்ட் போனாலும் கோபுரம் விழுந்தாலும் அதைக் கொல்ல முடியாது.

தெருத் தெருவாக அதைச் சுமப்பவள் கல்தூமா, டீக்காரி. காலையில் பெரிய சாலைக்கு இந்தப் பக்கம், மதியம் அந்தப் பக்கம். சாலையைக் காவல் காக்கும் துப்பாக்கிக்காரர்கள் அவளுடைய இஞ்சிக் காபிக்காகவே அவளை விடுகிறார்கள். அவள் முக்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் போனும் கல்தூமாவின் போனும் பேசிக்கொள்ளும்.

என் தங்கை துமாதிர் இன்று தன் வரியைத் தானே எழுதினாள். "துமாதிர், வயது 24. தேவை: இன்சுலின், மாம்பழம், மாப்பிள்ளை."

"என்னடி விளையாட்டு இது, அழி."

"எதையும் அழிக்க முடியாதுன்னு நீதானேக்கா பீத்திக்கிட்டே?"

உண்மைதான். மேலே புதிதாக எழுதலாம். பழையது அடியில் கிடக்கும்.

பிப்ரவரி 12

இரண்டு நாளாகச் செத்துக்கிடந்த கல்தூமாவின் போனுக்கு இன்று மசூதியின் சூரியத் தகட்டில் சார்ஜ் ஏறியது. முழுசாகச் செத்த போன் எழுந்தால் தேதி மறந்து எழும். அப்படிப்பட்ட போனை என் செயலி எழுத விடாது. "தேதி பழையது" என்று சிவப்பில் திட்டும். அந்தப் பாதுகாப்பை வைத்ததும் நான்தான்.

"சிவப்பா கத்திக்கிட்டே இருந்துச்சு. தேதிச் சக்கரத்தை மேல தள்ளினேன், வாயை மூடிக்கிச்சு," என்றாள்.

"கெட்டிக்காரி," என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு வந்த சேதிதான் நன்றாக இல்லை. அபு ஆக்லாவின் ஐஸ்பெட்டியில் இன்சுலின் இல்லை. பெரிய சாலைக்கு அந்தப் பக்கம் ஐஸ்கிரீம் கடை வைத்திருந்தவர். கூரையில் சூரியத் தகடு இருப்பதால் இப்போது பேட்டைக்கே அவர் பெட்டிதான் மருந்துப்பெட்டி.

எங்களிடம் ஒரு பாட்டில், அதுவும் பாதி. தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறோம்.

பிப்ரவரி 15

துமாதிர் இன்றிலிருந்து பாதி அளவுதான் போட்டுக்கொள்கிறாள். எனக்குச் சொல்லாமல் ஆரம்பித்திருக்கிறாள். ஊசியைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். சண்டை போட்டேன். "அப்ப முழுசா போட்டுக்கறேன், நாலு நாள்ல காலி. சந்தோஷமா?" என்றாள்.

பிப்ரவரி 17

பட்டியல்: அபு ஆக்லா — இல்லை.

பிப்ரவரி 19

கல்தூமா முக்காலியைப் போடுவதற்கு முன்பே என்னைக் கூப்பிட்டாள்.

"இன்ஜினியரம்மா, ஷெண்டியிலேருந்து வந்த ஆளு ஐஸ்கிரீம்காரர்கிட்ட பதினாலு பாட்டில் குடுத்தானாம். டீ குடிக்க வந்தவன் சொன்னான்."

"நீ பார்த்தியா?"

"நான் எங்கே பார்த்தேன்? ஒரு வாரமா அந்தத் தெருப்பக்கமே விடமாட்டேங்கறானுங்க."

போனைத் திறந்து காட்டினேன். இல்லை. "இருந்தா அவரே எழுதியிருப்பாரு. எழுதினது எப்படியும் எனக்கு வந்துசேரும்."

"அப்ப அந்த மனுஷன் வாய் பொய்யா?"

"வாய்க்கென்ன, எதையும் சொல்லும்."

போன மாதம் மாவு வந்திருக்கிறது என்று யாரோ சொல்லி, சாலையைத் தாண்ட ஓடிய இரண்டு பேர் சுடப்பட்டுச் செத்தார்கள். மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் ஊருக்கெல்லாம் சொன்னேன்: காதில் விழுந்ததை நம்பாதீர்கள், பட்டியலில் இருப்பதை நம்புங்கள். ஊரும் கேட்டுக்கொண்டது.

"உன் தங்கச்சிக்குத்தானே சொல்றேன்," என்று முனகிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள். எனக்குக் கோபம் வந்தது. என்னைவிட அவளுக்கு அக்கறையா?

பிப்ரவரி 21

தண்ணீர், தண்ணீர் என்கிறாள். ஒரு ஜாடி குடித்தும் உதடு வெடித்திருக்கிறது. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. அவித்த ஃபூல் பயறு ஒரு வாய் கொடுத்தேன், வேண்டாமாம்.

அப்பா அம்மாவோடு போர்ட் சூடானுக்கு அவளும் போயிருக்கலாம். நான் பட்டியலை விட்டு வரமாட்டேன் என்றேன். "இவளைத் தனியா விட்டா அந்தப் போனையே வேகவெச்சுத் தின்பா" என்று சொல்லி அவளும் தங்கினாள். எனக்காகத்தான் தங்கினாள். வேறு எதற்கு?

பாட்டிலில் இன்னும் இரண்டு ஊசிக்கு இருக்கலாம்.

பிப்ரவரி 22

காலி.

பிப்ரவரி 23

காலையிலிருந்து வாந்தி.

வேறு எந்தத் தெருவிலாவது ஒரு சொட்டு இருக்காதா என்று பட்டியலின் அடிவயிற்றைத் திறந்தேன். மேலே தெரிவது கடைசி வரி மட்டும். அடியில் எல்லாம் இருக்கும்: யார் எழுதினார்கள், எந்தத் தேதியில். நானே அதைத் திறந்து மாசக்கணக்காகிறது.

அபு ஆக்லா, பிப்ரவரி 14: பதினாலு பாட்டில்.
அபு ஆக்லா, பிப்ரவரி 16: பதினாலு பாட்டில் உள்ளது.
அபு ஆக்லா, பிப்ரவரி 18: பதினாலு, யாரும் வரவில்லை, ஏன்?

அதற்கெல்லாம் மேலே, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, கல்தூமாவின் ஒரே வரி. இல்லை. அதன் தேதி 2031.

ஏழு வருஷம். ஏழு வருஷம் முன்னாடி தள்ளியிருக்கா. இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் கடைசித் தேதி ஜெயிக்கும், அதுதான் விதி. அப்ப 2031 வரைக்கும் அந்த மனுஷன் தலைகீழா நின்னு எழுதினாலும் அவ எழுதினதுதான் நிக்கும். பழைய தேதியை விடாதேன்னு பூட்டு போட்டேனே, வராத தேதியை விடாதேன்னு போட்டேனா? முன்வாசலுக்குப் பூட்டு, பின்வாசல் திறந்து கிடக்கு. பாவி. அவ என்ன செய்வா, சிவப்பு எழுத்து போகணும்னு தள்ளினா. நான்தானே கெட்டிக்காரின்னேன்.

ஒன்பது நாளாக மருந்து அங்கே இருக்கிறது. வாய்ச்சொல்லாக வந்ததே! நான்கு நாளைக்கு முன்னால் கல்தூமா வாசலில் நின்று சொன்னாளே!

இன்று சாலையில் சண்டை. கல்தூமா நாளைக் காலை கூட்டிக்கொண்டு போகிறேன் என்கிறாள். இப்பவே போறேன்னு கிளம்பினேன். கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். "நீ செத்துட்டா அவளுக்கு ஊசி யாரு போடறது?"

பிப்ரவரி 24

கல்தூமாவின் அடுப்புத் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் பின்னாலேயே நடந்தேன். விட்டார்கள்.

அபு ஆக்லா என்னைப் பார்த்ததும் கத்தினார். "பத்து நாளா காவல் காத்துக்கிட்டு இருக்கேன், ஒரு ஈ காக்கா வரலை! இந்த ஊர்ல சர்க்கரை வியாதியே ஒழிஞ்சுபோச்சா?"

அவர் என் கண்முன்னே பதினாலு என்று எழுதினார். திரும்பி வெண்ணிலா வாசமடிக்கும் பெட்டியைத் திறந்தார். அதற்குள் போனில் மறுபடி இல்லை என்று மாறிவிட்டது. பாவம், மனிதர் ஒரு தடவைகூட எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்ததில்லை. ஏன் பார்க்க வேண்டும்? நம்பச் சொன்னது நான்.

இரண்டு பாட்டில் கொடுத்தார். ஓடி வந்தேன்.

பிப்ரவரி 25

மணிக்கு ஒரு ஊசி. மூச்சு ஆழமாக, வேகமாக வாங்குகிறாள். வாயில் அழுகின பழவாடை. நரம்பில் ஏற்ற சலைன் வேண்டும் என்று மருத்துவமனையில் வேலை பார்த்த பக்கத்து வீட்டு நர்ஸ் சொல்கிறாள். பட்டியலில் சலைன் இல்லை. இந்த "இல்லை" உண்மையா? ஒவ்வொன்றாக அடியில் போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

மதியம் ஒரு தடவை கண் திறந்தாள். "பட்டியலைச் சரி பண்ணிட்டியா?" என்றாள். இல்லையென்றேன். "பண்ணு. மத்தவங்க இருக்காங்க இல்ல," என்றாள்.

பிப்ரவரி 26

அல்லாவே, எடுத்துக்கொள்வதென்றால் என்னை எடுத்துக்கொள்.

பிப்ரவரி 27

காலையில் போய்விட்டாள். கல்லறைக்குப் போக வழியில்லை. முற்றத்தில் புதைத்தோம்.

மார்ச் 5

அவள் சொன்னதைச் செய்தேன். நாளைக்குப் பிந்திய தேதியோடு வரும் எதையும் இனி பட்டியல் ஏற்காது, ஏற்கெனவே உள்ளதையும் ஒதுக்கிவிடும். இரண்டே வரி. நிரலில் இரண்டே வரிதான் வேண்டியிருந்தது. "பேச்சில் கேட்டது" என்று ஒரு பத்தியும் சேர்த்திருக்கிறேன், யார் சொன்னது என்ற பெயரோடு. புதிய செயலி கல்தூமாவின் போனிலிருந்து போன் போனாகப் போகிறது. மருந்து கேட்டவர்களில் ஆறு பேர் அபு ஆக்லாவிடம் போய்விட்டார்களாம்.

திறக்காத ஒரு பாட்டிலைத் திருப்பி அனுப்பினேன்.

கல்தூமா முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள். "ஊர்ல சொல்றாங்க, நான் தேதியைத் தப்பா வெச்சதாலதான்னு. நெசமா?"

"விதி என்னுது," என்றேன்.

"எந்த விதி? ஆண்டவன் விதியா?"

"நான் எழுதின விதி."

அவள் அழுதாள். எனக்கு வரவில்லை.

மார்ச் 14

நோன்பு நாலாம் நாள். ஆற்றைக் கடந்து பஹ்ரியிலிருந்து ஒருவர் வந்து கல்தூமாவின் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நோன்பு துறந்தபின் அவள் போனை என் பக்கத்தில் வைத்தாள். மூன்று வாரச் சேதிகள் கொட்டின. துமாதிரின் வரிக்கு அடியில் ஒரு பதில் இருந்தது. எழுதியது சுதைனா என்று ஒரு பெண், பஹ்ரி. தேதி பிப்ரவரி 20.

"துமாதிருக்கு: இன்சுலின் எங்களிடமும் இல்லை, தேடுகிறோம். மாம்பழம் உண்டு. முற்றத்து மரம் பிஞ்சு விட்டிருக்கிறது, பழுத்ததும் முதல் கூடை உனக்கு. மாப்பிள்ளைக்கு என் தம்பியைக் கேட்டேன், அவன் வெட்கப்படுகிறான்."

எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. கல்தூமாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது, நின்றபாடில்லை.

அவர் நாளை காலை திரும்பிப் போகிறார். துமாதிரின் வரிக்கு மேலே நான் இன்னும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இன்று எழுதினேன்: "சுதைனாவுக்கு: அந்தக் கூடையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். உங்கள் தம்பியிடம் அவள் மிகவும் சிரித்திருப்பாள் என்று சொல்லுங்கள். — அவள் அக்கா ரிஹாப்."

அனுப்புவதற்கு முன் தேதியைப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.