அம்சவல்லி அம்மா படத்திறப்பில் நடந்த கூத்து

நெய்வேலி

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் மகன் அருண்ராஜும் சுகம், அந்தக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். உடம்புக்குக் குறையில்லை, மனசுதான் குமட்டுகிறது, எழுதித் தீர்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நம் பிளாக்கில் இருந்த டாக்டர் அம்சவல்லி அம்மா தவறிப்போனதைப் போனில் சொன்னேனே, நேற்று அவருக்குப் படத்திறப்பு. நெல்லிக்குப்பத்துச் சர்க்கரை ஆலைத் தொழிலாளி மகள், குழந்தைகளின் மனவளர்ச்சியைப் படித்துப் பட்டம் வாங்கி, வெளிநாட்டில் கூப்பிட்டும் போகாமல், மைன்ஸ் கான்ட்ராக்ட் ஆட்களின் குடிசைகளில் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் எப்படி விளையாடுகிறார்கள், எப்படிப் பேசத் தொடங்குகிறார்கள் என்று ஆயுசு முழுக்கப் பார்த்தவர். அவருக்கு முன்னால் நம் பக்கம் யார் அதைச் செய்தார்கள்? ஒரு பிள்ளைக்கும் அவர் மார்க் போட்டதில்லை. அப்பேர்ப்பட்டவருக்குப் படத்திறப்பு நடத்தியவன் யார் தெரியுமா, நீ போனிலேயே பேசி அருண்ராஜைச் சேர்த்தாயே, அந்த மூளைப் பயிற்சி வகுப்புக் குமரவேல். வாசல் பிளெக்ஸில் அந்த அம்மா படத்தைவிட இவன் படம் பெரிது. மாலை போட்ட கையோடு மைக்கைப் பிடித்து, அம்மா நினைவுக் கோப்பைக்குப் போட்டி என்றான். த்தூ! பூப்போட என்று சொல்லி வகுப்பிலிருந்து அழைத்துப் போன பிள்ளைகளை, பால் மணம் மாறாததுகளை, மேடையில் வரிசையாக நிறுத்தி மாநிலத் தலைநகரங்களைக் கேட்டான். இன்னும் பேசத் தொடங்காத நம் பிள்ளையின் வாயிலும் மைக்கை வைத்தான். குழந்தை மிரண்டு, நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துவிட்டது. கூட்டம் சிரித்தது, அதிலும் முன்வரிசை படித்தவர்கள்தான் அதிகம். இவன், "இது லேட் பிக்கப்புங்க, ஸ்பெஷல் பேட்ச்ல போட்டு சரி பண்ணிடலாங்க" என்று மைக்கிலேயே சொல்கிறான், அந்த அம்மாவின் படத்துக்கு முன்னால். அப்பா மேடையேறிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இனி அருண்ராஜ் அந்த வகுப்புக்குப் போகமாட்டான், நீ கோபித்தால் கோபித்துக்கொள்.

மூன்று வயது வரை நீயும் வாய் திறக்கவில்லை வெண்மதி. பிளாக் முழுக்க ஊமை என்றார்கள். அந்த அம்மா நம் குவார்ட்டர்ஸுக்கு வந்து உன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இவ எல்லாத்தையும் கேட்டுகினு இருக்கா ராஜாம்பா, கேட்டு முடிக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பிக் காத்திருந்தேன். அருண்ராஜுக்கும் காது நன்றாகக் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துச் சொல்லியாயிற்று.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்றை மறக்காதே, இனிமேல் போன் செய்யும்போது அவனிடம் 'அம்மா சொல்லு, அம்மா சொல்லு' என்று கெஞ்சாதே. நீ பேசு. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உன் அம்மா
ராஜாம்பாள்