ஜாக்கெட் சொன்ன பொய்

என் தங்கமான தங்கச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் தையல் மிஷினும் சுகம். உன் சுகத்தையும், வயிற்றுக்குள் உதைபந்து ஆடுகிற சின்னதின் சுகத்தையும் எழுது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ என்னைப் பேச விட்டால்தானே! "வேணாம்க்கா, உனக்கு முட்டி வலி, எங்க வீடு மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பிரசவத்துக்கு நான் ஆள் வச்சுக்கிறேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

நீ முதல்முறை அப்படிச் சொன்ன அன்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. உன்மேல் இல்லை, என் முட்டிமேல். அம்மா இல்லாத வீட்டில் உன்னை இடுப்பைவிட்டு இறக்காமல் வளர்த்தவள் நான். உன் பிள்ளையை யாரோ ஒரு சம்பளக்காரி குளிப்பாட்டுவாளாம், நான் இங்கே உட்கார்ந்து ஊர் ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைத்துக்கொண்டிருப்பேனாம்! மறுநாளே மூட்டு டாக்டரிடம் போனேன். தேய்மானம் இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், உடம்பு இளைத்தால் முட்டிக்குப் பாரம் குறையும், படியேறலாம் என்றார். அங்கேயே பிசியோதெரபிப் பெண் தொடைக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். "தனியா ஆரம்பிச்சா பாதியில விட்டுருவீங்கம்மா. கூட ஒரு ஆளைச் சேர்த்துக்கோங்க" என்றாள்.

முதலில் முன்வந்தவர் உன் அத்தான். அடேயப்பா, போலீஸ் தோற்றது! நான் கரண்டியைத் தொட்டால் தொண்டையைச் செருமுவார். சாயங்காலம் என் முகம் வாடியிருந்தால் மனசு கேட்காமல் அவரே இனிப்புப் பொட்டலம் வாங்கிவந்து நீட்டுவார். அதட்டலும் அவரே, லஞ்சமும் அவரே. கையெடுத்துக் கும்பிட்டு அவரைப் பதவியிலிருந்து இறக்கினேன்.

பிறகு வந்து ஒட்டிக்கொண்டவள் நம் கடையில் காஜா எடுத்து, பட்டன் வைத்து, அயர்ன் பண்ணுகிறவள். அவள் வாய் உனக்குத் தெரியுமே. "உங்களுக்கு முட்டி, எனக்கு இடுப்பு. வாங்கக்கா, ரெண்டு ரிப்பேர் வண்டியும் சேர்ந்தே ஓடட்டும்" என்றாள். காலையில் கடை திறக்குமுன் கடைத்தெருவை மெதுவாகச் சுற்றுவோம். எனக்கு வலித்தால் நான் சொல்லவே வேண்டாம், அவளே ஏதாவது ஒரு கடை வாசலில் நின்று, வாங்கப்போகாத சாமானுக்கு விலை கேட்பாள். மத்தியானம் இருவர் டப்பாவிலும் காய் நிறைய, சோறு கொஞ்சம். ஒருநாளும் எனக்குப் புத்தி சொன்னதில்லை. தெருவில் உள்ளவர்கள் வம்பையெல்லாம் பேசிப் பேசியே என்னை நடக்கவைத்துவிட்டாள்.

எடை மெஷினில் ஏறத்தான் எனக்குப் பயம். ஊர் இடுப்பையெல்லாம் அளந்தவளுக்கு மெஷின் எதற்கு, இளைத்தால் என் ஜாக்கெட் சொல்லாதா என்று வீராப்புப் பேசிவிட்டேன். மாதங்கள் போயின. ஜாக்கெட் வாயே திறக்கவில்லை. போதாக்குறைக்குப் போன வாரம் அக்குளில் பிடிக்கவே ஆரம்பித்துவிட்டது! வாயைக் கட்டியதெல்லாம் எங்கே போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆளையே வைத்துக்கொள் என்று உனக்குச் சொல்லிவிட முடிவு பண்ணிவிட்டேன்.

பிடிக்கிற ஜாக்கெட்டைப் பிரித்தாவது விடுவோம் என்று கடையில் உட்கார்ந்து உள்பக்கம் திருப்பினேன். பக்கத் தையலில் ஒன்றை அடுத்து ஒன்றாக வரி வரியாய்த் தையல்! ஓரத்தில் இருந்த ஒன்றுதான் நான் போட்டது. மற்ற ஜாக்கெட்டுகளைத் திருப்பினால் அங்கேயும் அதே கதை. நிமிர்ந்து பார்த்தேன். காஜாக்காரி அயர்ன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திருதிருவென்று முழிக்கிறாள். "உங்க மேல தொளதொளன்னு தொங்குச்சுக்கா. தையக்கடைக்காரியே அப்படி நின்னா கஸ்டமர் என்ன நினைப்பாங்க? அதான் அயர்னுக்கு வர்றப்பல்லாம் ஒரு தையல் பிடிச்சு விட்டேன். போன தடவை கொஞ்சம் ஜாஸ்தியாப் பிடிச்சுட்டேன் போல. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்!"

அடிப் பாவி! நான் இளைக்க இளைக்க, எனக்குத் தெரியுமுன்னே அவள் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறாள். திட்ட வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அத்தனை தையலையும் பிரித்துவிட்டுப் போட்டுப் பார்த்தால், உள்ளே அவளும் ஒண்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். வாசலில் நின்ற கஸ்டமர் பயந்து போய்விட்டாள்.

அன்றே அத்தானைக் கூட்டிக்கொண்டு கிளினிக் போய் மெஷினில் ஏறினேன். பிசியோதெரபிப் பெண் கைதட்டினாள். முட்டியை மடக்கிப் பார்த்துவிட்டு, படியேறிக் காட்டச் சொன்னாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கிளினிக் கட்டடத்தின் மூன்றாவது மாடிவரை போய் நின்றேன். வலியே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் நடுவில் எங்கேயும் உட்காரவில்லை. "மேலேயே குடியிருக்கப் போறியா, இறங்கி வா" என்று கீழேயிருந்து அத்தான் கத்தினார். எனக்கு அவ்வளவு சந்தோஷம், தங்கச்சி. சின்னப் பிள்ளை மாதிரி இன்னொரு தடவை ஏறட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று அந்தப் பெண் பிடித்து இழுத்துவந்துவிட்டாள்.

ஆகையால் நீ பேசிவைத்த ஆளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. டிக்கெட் எடுத்தாயிற்று. காஜாக்காரி கடையைப் பார்த்துக்கொள்வாள், அத்தானை நடக்கக் கூட்டிப்போவதும் இனி அவள் பொறுப்புதான். தரையில் உட்கார்ந்து எழுந்திருக்க எனக்கு இன்னும் வராது. குளிப்பாட்ட உயரமான மேசை ஒன்று மட்டும் பார்த்து வை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எத்தனையோ குட்டிச் சட்டை தைத்திருக்கிறேன். நம் வீட்டுப் பிள்ளைக்கென்று துணி வெட்டியது நேற்றுதான் முதல். ஒரு சாண் துணியை எத்தனை தடவை அளப்பாய் என்று அத்தான் கேலி பண்ணினார். பண்ணட்டும்.

நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து நூறு வயது இருக்க வேண்டும். உன் வீட்டுக்காரரிடம் இப்போதே சொல்லிவை: பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து யார் கையில் கொடுக்கட்டும் என்று நர்ஸ் கேட்டால், அவர் என்னைக் கைகாட்ட வேண்டும். அவருக்கு ஆயுசு முழுக்க இருக்கிறது. முதல் கொஞ்ச நேரம் மட்டும் எனக்குக் கொடுங்கள்.

உன்னைப் பார்க்கப் பறந்துகொண்டிருக்கும்,
அக்கா