பெரிய ற, சின்ன ர

பிப்ரவரி 9, திங்கள்

வெயில் இப்போதே ஏறிவிட்டது. காலை பஸ்ஸிலேயே கம்பி சுட்டது.

திருப்புதல் தேர்வுத் தமிழ்த் தாள் கொடுத்தார்கள். எழுபத்தொன்று. அரையாண்டில் எண்பத்தெட்டு.

அரையாண்டில் நான் சொல்லச் சொல்ல ராஜேஸ்வரி டீச்சர் எழுதினார்கள். பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு எப்போதும் அப்படித்தான். இந்தத் தடவை முதல் முறையாக நானே லேப்டாப்பில் அடித்தேன். அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் ஹெட்போனில் குரல் சொல்லும். நன்றாக எழுதியதாகத்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் தமிழ் ஆசிரியை, தமிழம்மா, தனியாகக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார்கள்.

"'நான் தினமும் பல்லிக்குச் செல்கிறேன்.' செல்வி, நீ எந்தப் பல்லிக்குப் போறே? சுவத்துல இருக்கே, அதுக்கா?"

சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். அடுத்தது 'பனி ஓய்வு'. அடுத்தது 'மணம் வருந்தினான்'. அடுத்தது 'மலை பெய்தது'. மலை பெய்தால் எங்கள் ஊர் இடைசெவல் இருக்காது.

எட்டாவது வரை பிரெயில் புத்தகம். அதன்பிறகு எல்லாப் பாடமும் ஆடியோதான். காதால் படித்தவளுக்கு எல்லா ன-வும் ஒன்று. டீச்சர் எழுதும்போது எழுத்து அவர்களுடையது. அதனால் என் பிழை யாருக்கும் தெரியாமல் இருந்தது. எனக்கும்.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு டீச்சரா, லேப்டாப்பா? வெள்ளிக்குள் சொல்ல வேண்டுமாம்.

வாங்க வேண்டியவை: ஹேர்பின், ஹெட்போனுக்குப் பஞ்சு உறை.

பிப்ரவரி 10, செவ்வாய்

மத்தியானம் லெமன் சாதம். ஜெனிபரின் டப்பாவில் முட்டை. பாதி எனக்கு.

ஜெனிபருக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை. அவள் டீச்சர்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? பதினேழு மார்க்கு போயிருக்கு. டீச்சரு சும்மா எழுதித் தாராவ, நீ வேண்டாம்ங்கே."

அரையாண்டில் நடந்ததைச் சொன்னேன். 'எங்கள் ஊர் நிலம்' கட்டுரை. நான் சொன்னது: 'மழை பெய்தால் எங்கள் மண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும். கேட்டாலும் தராது.' டீச்சர் பேனாவை நிறுத்திவிட்டு, "அது வேண்டாம்மா. 'கரிசல் மண் வளம் மிக்கது'ன்னு போட்டுக்கிடுவோம், மார்க்கு விழும்" என்றார்கள். மார்க்கு விழுந்தது. வகுப்பில் அந்தக் கட்டுரையை வாசித்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டீச்சர் நல்லவர்கள். என் நல்லதுக்குத்தான் செய்தார்கள். ஆனால் அது என் செருப்பு.

ஜெனிபர் கேட்டுவிட்டு, "எனக்குக் கை தட்டினா போதும்ட்டி. யாருக்குத் தட்டுதாவன்னு நான் கேக்கமாட்டேன்" என்றாள்.

முட்டை நன்றாக இருந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

கறுப்பாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. ஒன்று என் விரலைச் சப்பிக்கொண்டே இருந்தது.

நானே லேப்டாப்பில் எழுதலாம் என்று இருப்பதை அப்பாவிடம் சொன்னேன். ஆடு பத்திவிட்டு வந்த களைப்பு. முதலில் தண்ணீர் குடித்தார். பிறகு:

"டீச்சரு எழுதுதாவல்லா. உனக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"அவிய எழுதினா அது அவிய எழுத்துப்பா."

"மார்க்கு யாரு பேருல வருது? உம்பேருலதான?"

குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

அம்மா பருத்தி எடுத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "போன மார்க்கைப் பிடிச்சிருவியாட்டி?"

"முழுசா முடியாது. பாதிக்கு மேல பிடிச்சிருவேன்."

"அப்பம்னா எழுது."

அப்பா எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போனார். கோபம். வாளியை வைத்த சத்தத்திலேயே தெரிந்தது.

பிப்ரவரி 13, வெள்ளி

சொல்லிவிட்டேன். லேப்டாப்.

ஹெச்.எம்., "யோசிச்சுத்தான் சொல்றியா?" என்று கேட்டார். ஆமாம் சார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. தமிழம்மா மட்டும் வெளியே வந்து, "தினமும் ஒரு பக்கம் அடி. எதையாவது அடி. தப்பை நான் சொல்லுதேன்" என்றார்கள். இந்த டைரியைக் காட்ட மாட்டேன், இதில் உள்ள பிழையைப் பிறகு நானே திருத்திக்கொள்வேன். வேறு ஏதாவது அடிக்க வேண்டும்.

பிப்ரவரி 22, ஞாயிறு

சர்ச் ஸ்பீக்கர் காலையிலிருந்து. ஹெட்போனைத் தாண்டி வருகிறது.

ஒரு விஷயம் பிடிபட்டது. இத்தனை நாள் குரலைக் கேட்டுக் கேட்டு எழுத்தைத் திருத்தப் பார்த்தேன். அந்தக் குரல் ந-வையும் ன-வையும் ஒரே மாதிரிதான் சொல்கிறது. அதை நம்பிப் பயனில்லை. ஆனால் கீபோர்டில் விரலுக்கு எல்லாம் வேறு வேறு இடம். ல என்றால் ஆள்காட்டி விரல் கீழே இறங்கும். ள என்றால் அதே விரல் மேலே எட்டும். ழ-வுக்குச் சுண்டு விரல் கீழே போக வேண்டும். ண-வுக்கும் சுண்டு விரல்தான், ஆனால் மேலே.

அதனால் சொல்லைக் காதால் மனப்பாடம் செய்வதை விட்டுவிட்டேன். பள்ளி: விரல் மேலே, மேலே. மழை: சுண்டு விரல் கீழே. இந்த வாரம் பஸ்ஸில் கையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அக்கா, "என்னம்மா, கை நடுங்குதா?" என்று கேட்டார்கள். பரீட்சைக்குப் படிக்குதேன்க்கா என்றேன். நம்பவில்லை.

இன்று தமிழம்மாவுக்கு அனுப்பிய பக்கத்தில் நான்கே பிழை. அதில் இரண்டு ற, ர. இரண்டுக்கும் ஒரே விரல்தான், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவசரத்தில் மாறிவிடுகிறது.

மார்ச் 2, திங்கள்

பொதுத்தேர்வில் தமிழ் முடிந்தது. எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும்.

தனி அறை. மின்விசிறி கிடுகிடு. நானும் அறைக் கண்காணிப்பாளர் சாரும் மட்டும். வேறு பள்ளி சார், தைலம் வாசனை, மெதுவான குரல். லேப்டாப்பில் நெட் இல்லை, பாடம் எதுவும் இல்லை என்று முதலிலேயே சோதித்துவிட்டார்கள். சார் கேள்வியை வாசிப்பார், நான் பதிலை அடிப்பேன். ஒரு மணி நேரம் கூடுதல்.

முதல் பாதி நன்றாகப் போனது. விரல் தானாக ஓடியது. கட்டுரை உழவைப் பற்றி. எனக்குச் சொல்லவா வேண்டும். வேகமாக அடித்துக்கொண்டு போகும்போது பின்னால் சார் குரல், ரொம்ப மெதுவாக:

"அறுவடைக்குப் பெரிய ற போடும்மா."

கை நின்றுவிட்டது. சார் பின்னாலிருந்து திரையை வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இதுவரை அடித்தது எல்லாவற்றையும்.

லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு. இரண்டு கீயை அழுத்தினால் திரை கறுப்பாகிவிடும், குரல் மட்டும் எனக்குக் கேட்கும். அழுத்திவிட்டேன். யோசிக்கவில்லை.

சார் பதறிப்போனார். "ஏம்மா, மெஷின் போச்சே." நான் சொல்வதற்குள் வெளியே போய் மேடத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மேடம்தான் அந்தத் தேர்வு மையத்துக்கே பொறுப்பு.

"மெஷின் ஓடுது. திரையை எதுக்கும்மா அணைச்சே? என்ன மறைக்கே?"

சார் பக்கத்தில் நிற்பது தைலத்தில் தெரிந்தது. அவர் சொல்லிக்கொடுத்தார் என்று சொன்னால் அவர் வேலைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டது நினைத்தும் சொல்லவில்லை.

"ஒண்ணும் மறைக்கலை மேடம். பின்னால இருந்து யாராவது வாசிக்காவன்னு தெரிஞ்சா எனக்குக் கை ஓடாது. அதான்."

மேடத்தின் செருப்புச் சத்தம் மேசைப் பக்கம் வந்தது.

"திரை தெரியணும். அது விதி. வாசிக்கணும்னு விதி கிடையாது." இரண்டாவதை என்னிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

திரையைப் போட்டேன். மேடம் போனதும் நாற்காலி இழுபடும் சத்தம், கதவு வரைக்கும். அங்கிருந்து சார், "வாத்தியார் வாய்ம்மா. தப்பைப் பாத்தா நிக்க மாட்டேங்குது. நீ எழுது" என்றார்.

இனி அந்த அறுவடையை என்ன செய்வது? திருத்தினால் அந்த எழுத்து சார் போட்டது. திருத்தாமல் விட்டால் தெரிந்தே தப்பு. முழு வாக்கியத்தையும் அழித்தேன். பதிலுக்கு: 'பருத்தி வெடித்துவிட்டால் எங்கள் ஊரில் கல்யாணத்துக்குக்கூட ஆள் வராது.' அழித்ததைவிட இது நல்ல வாக்கியம்.

முடிந்ததும் பிரிண்ட் எடுத்து என் கைரேகை வாங்கினார்கள். தாள் சூடாக இருந்தது. சார் கவரை ஒட்டினார். போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

சந்தோஷமாக இருக்கிறது. பசியும்.

மார்ச் 3, செவ்வாய்

ஜெனிபர் போன். அவளுக்கு எழுதின டீச்சர் ரொம்ப நல்ல மாதிரியாம், கையெழுத்து முத்து முத்தாக இருந்ததாம். யார் சொன்னது என்று கேட்டேன். "டீச்சரே சொன்னாவ."

ஆங்கிலம் படிக்க வேண்டும். குட்டி ஒன்று சார்ஜர் வயரைக் கடித்திருக்கிறது. அம்மா இன்சுலேஷன் டேப் ஒட்டினாள்.

மே 8, வெள்ளி

ரிசல்ட். அம்மா வேலைக்குப் போகவில்லை. போனில் மெசேஜ் வந்தது, குரலில் கேட்டேன். எல்லாப் பாடமும் பாஸ். தமிழ் எண்பத்து மூன்று.

ஜெனிபருக்குத் தொண்ணூற்று ஒன்று. இருவரும் போனில் கத்தினோம்.

அம்மா என் கன்னத்தை வழித்தாள். "பாதிக்கு மேல பிடிச்சிட்டாளே."

அப்பா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். "டீச்சரு எழுதியிருந்தா எண்பத்தெட்டுல்லா."

"ஆமாப்பா. அந்த அஞ்சு அவியளோடது."

கயிறு சத்தம் நின்றது. திரும்ப ஆரம்பித்தது. நான் உள்ளே வந்து காலேஜ் விண்ணப்பத்தைத் திறந்தேன். தமிழ் இலக்கியம். தமிழம்மாவிடம் சொன்னபோது, "பல்லி பி.ஏ.வா?" என்று கேட்டார்கள்.

அப்போது அப்பா போன் அடித்தது. கடம்பூர்ப் பெரியப்பா. அப்பா முற்றத்தில் நின்று பேசினார்.

"தமிழ்ல எண்பத்து மூணு அண்ணாச்சி... இல்ல, இல்ல. யாரும் எழுதிக் குடுக்கலை. அவளே எழுதினா."

அந்தப் பக்கம் கேட்கவில்லையோ என்னவோ, அதையே இன்னொரு தடவை சொன்னார். சத்தமாக.