உன் கல்யாணத்தில் அப்பா ஊத வேண்டாம்

ஓரிக்கை

அன்பு மகள் சுகாசினிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே மூன்று வேளையும் அடுப்பு எரிகிறது, படுத்தால் ஏதோ கொஞ்சம் தூக்கமும் வருகிறது, நீயும் மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, நைட் டியூட்டி போக மிச்ச நேரம் தூங்கி, நல்லபடியாக இருக்க வேண்டும். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், நான் உன்னோடு பேசினால் உங்க அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் சிநேகிதி கீர்த்தி கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஏனாத்தூரில் ஹாஸ்டலைத் திறந்துவிட்டார்கள், மறுபடி முதல் பஸ்ஸைப் பிடித்து ஓட்டம்தான், சமையல்கட்டில் நின்று நின்று கால் இரண்டும் பூசணிக்காய் ஆகிவிட்டது. கொரோனாவில் மூடிக்கிடந்தபோது எப்போது திறப்பார்கள் என்று அழுதேன், இப்போது எப்போது ஞாயிற்றுக்கிழமை வரும் என்று அழுகிறேன்.

மாசியில் கட்டுப்பாடெல்லாம் எடுத்ததும் பேண்டு மாஸ்டர் பூவராகவன் வீட்டுக்கே வந்துவிட்டார், அண்ணே ஆர்டர் வந்துக்கினே இருக்குது, கிளம்பு என்று. இரண்டு வருஷமாகக் கல்யாணத்துக்கும் பேண்டு இல்லை, சாவுக்கும் பேண்டு இல்லை, உங்க அப்பாவும் புடவைக் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், அதனால் எனக்கும் சந்தோஷம்தான். ட்ரம்பெட்டைப் புளி போட்டுத் தேய்த்துத் தங்கமாக்கினார். சிவப்புக் கோட்டை நான் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன், ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து மீண்டு வந்த உடம்பில் அது தொளதொளவென்று தொங்கியது. க்ளாரினெட் வாசிக்கிற மாணிக்கவாசகம் அதே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பவே இல்லை என்பது உனக்குத் தெரியும். போகட்டும், ஒருத்தராவது திரும்பி வந்தாரே என்று நான் நாளுக்கு ஒரு ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன், பதறாமல் படி. போன வாரம் என்னோடு வேலை செய்கிற ஒரு அம்மாவின் மகள் கல்யாணம், திருப்புட்குழியில். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு நம் பூவராகவன் பேண்டு. நான் வந்திருப்பது உங்க அப்பாவுக்குத் தெரியாது. முன் வரிசையில் ட்ரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு வந்தார், விரல் மூன்றும் கட்டையில் ஓடுகிறது, உடம்பும் ஆடுகிறது, ஆனால் கன்னம் உப்பவில்லை. அவர் ஊதினால் கழுத்து நரம்பு எப்படிப் புடைக்கும் என்று கட்டிக்கொண்டவளுக்குத் தெரியாதா? சத்தம் எல்லாம் பின்னால் வந்த பையனிடமிருந்து வந்தது. பக்கத்தில் நின்ற அந்த அம்மா, உங்க வூட்டுக்காரர் இன்னா ஊது ஊதறார் பாரு என்று என் தோளைத் தட்டினாள், நானும் ஆமாம்மா என்று தலையாட்டினேன். நான் வேறு என்ன சொல்வேன் சொல்லு. ராத்திரி உங்க அப்பா வீட்டுக்கு வந்து, இன்னிக்கு ஊதி ஊதி தொண்டையே போச்சுமே, சுடுதண்ணி வச்சுக் குடு என்றார். வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் பூவராகவனைப் பிடித்துக் கேட்டேன். ஊதுகிற ஆள் குறைந்தால் யாருக்காவது கோட்டு மாட்டிக் கையில் குழலைக் கொடுத்து வரிசையில் நிறுத்துவார்கள், அதற்கு டம்மி என்று பெயர். அப்படி நிற்கிறவர்களை உங்க அப்பா எவ்வளவு கிண்டல் செய்வார்! இப்போது அவரே அப்படி நிற்கிறார். அண்ணி, ஆரும் ஒரு வார்த்தை கேக்கலை, கேக்கவும் மாட்டோம், அவர் நின்னாலே எங்களுக்குத் தெம்பு என்று பூவராகவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இது மட்டும் என்றால் நானும் தெரியாத மாதிரியே இருந்துவிடுவேன். ஆனால் நீ அன்றைக்குப் போனில், என் கல்யாணத்துக்கு நீதான்பா தனியா ஒரு பாட்டு ஊதணும் என்று கேட்டுவிட்டாய். உன் மேல் தப்பில்லை, எந்தப் பெண்ணும் கேட்பாள். அன்றிலிருந்து விடிந்ததும் பாலாற்று மணலுக்குப் போய் ஊதிப் பழகுகிறார். நெஞ்சு ஆறவில்லை, மூச்சுக் கட்டி ஊதவே கூடாது என்று டாக்டர் என் எதிரில்தான் சொன்னார். முந்தாநாள் மயங்கி மணலிலேயே சாய்ந்துவிட்டார், மாடு மேய்க்கிறவர் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து விட்டார். கேட்டால் வெயில் என்கிறார், ஆறு மணிக்கு என்ன வெயில்? இனிமேல் போகாதீங்க என்று கெஞ்சினேன், பொண்ணு ஆசையாக் கேட்டுக்கினு இருக்குது, இல்லன்னு சொல்லச் சொல்றியா என்று அன்று முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். எனக்கு அலுத்துவிட்டது கண்ணு. இவரை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ஒருமுறை கூட்டி வந்தாயிற்று, இன்னொரு முறைக்கு என்னிடம் தெம்பு இல்லை.

நீ கேட்டதால் ஊதப் போகிறார், நீ சொன்னால்தான் நிறுத்துவார். முதலில் டிஜே வேண்டும் என்று சொல்லச் சொல்லலாமா என்று யோசித்தேன், அந்த வார்த்தையைக் கேட்டால் மனுஷன் உடைந்தே போய்விடுவார். நேற்று அரிசி களைந்துகொண்டிருக்கும்போதுதான் ஒன்று தோன்றியது. இத்தனை வருஷமாக எத்தனையோ கல்யாணத்துக்கு ஊதினார், எல்லாம் வாசல் வரைக்கும்தான். மாப்பிள்ளையையும் பெண்ணையும் உள்ளே அனுப்பிவிட்டுப் பேண்டுக்காரர்கள் பந்தலுக்கு வெளியே நின்றுவிடுவார்கள், கெட்டிமேளச் சத்தமும் கோயில் மணியும்தான் காதில் விழும். தன் தங்கை கல்யாணத்துக்கே கோட்டோடு வெளியில்தான் நின்றார். எனக்குக் கட்டியதைத் தவிர ஒரு தாலி கட்டுவதைக்கூட அவர் கண்ணால் பார்த்தது இல்லை. அதனால் நீ இப்படிச் சொல்லு. பாட்டெல்லாம் பூவராகவன் சித்தப்பா பாத்துக்குவாருப்பா, நீ வெள்ளைச் சட்டை போட்டுக்கினு என் கையைப் பிடிச்சு பீடம் வரைக்கும் கூட்டிக்கினு போகணும், சந்தோஷ்குமார் தாலி கட்டறப்போ என் பக்கத்துலயே நிக்கணும் என்று சொல்லு. நெஞ்சைப் பற்றி மூச்சு விடாதே. நானே சொல்லலாம்தான், சொன்னால் அவர் டம்மியாக நிற்பது எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

கர்த்தர் உன்னையும் மாப்பிள்ளையையும் காத்து, நூறு வருஷம் ஒற்றுமையாக வாழ வைக்கட்டும். படித்ததும் கிழித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவர்தான் போனை எடுப்பார், எனக்குக் கொடுக்கச் சொல்லாதே, அவரிடமே பேசு. அவரை உள்ளே கூப்பிடு கண்ணு, இதுவரைக்கும் யாருமே கூப்பிட்டதில்லை.

உன் அம்மா
செல்லியம்மாள் ஜோசுவா