சில்லு வைச்ச வில்லு

செப்டெம்பர் 8, ஞாயிறு

கோயில் மண்டபத்தில கூட்டம். இருந்தாக்கள்: கோயில் நிருவாகம் பாக்கிற வண்ணக்கர் தங்கராசா, பூசாரியார், என்ட மச்சாள் மங்கையற்கரசி, அவட மகன் உதயரூபன், என்ட பேத்தி விதுர்ஷா, கடைசியா நான், இரத்தினம்மா. பிறகு ஒருத்தரும் "நான் அங்க இல்ல" எண்டு சொல்லப்படாது. அதுக்குத்தான் எழுதி வைக்கிறன்.

அம்மன் சடங்கில அருச்சுனர் வேசத்துக்கு ஆள் குடுக்கிறது மச்சாள்ட குடி. வில்லுக் குடுக்கிறது எங்கட குடி. தாய்வழியா அப்பிடித்தான் வருது. பெட்டகத்தைத் திறந்தா, வில்லைக் கறையான் திண்டு போட்டுது. செய்து தாற தச்சன் கட்டாருக்கு வேலைக்குப் போயிட்டான்.

"இரத்தினம்மாக்கா, இந்த வருசம் நீங்க குடுக்காட்டி உரிமை மற்றக் குடிக்குப் போயிரும்" எண்டார் வண்ணக்கர்.

மச்சாள் சீலைத் தலைப்பால வாயைப் பொத்தினா. பொத்தினது சிரிப்பை எண்டு எனக்குத் தெரியாதா? 78 சூறாவளிக்கு அடுத்த நாள் "ஒருக்காத் தா" எண்டு எங்கட உலக்கையை வாங்கிப் போனவ. இன்னும் தரல்ல. அண்டையில இருந்து நான் அவட வாசல் மிதிக்கல்ல.

செப்டெம்பர் 11

விதுர்ஷா போனில ஒரு வில்லுக் காட்டினாள். பாசிக்குடாவில ஒரு ஹோட்டலில வெள்ளைக்காரர் விளையாடின பழைய வில்லு. ரெண்டு முனையிலயும் சில்லு. அருச்சுனர்ட தேருக்குச் சில்லு இருந்தது தெரியும். வில்லுக்குமா?

"கொம்பவுண்ட் வில்லு அம்மம்மா. சில்லு இருந்தா இழுத்துப் பிடிக்க லேசு."

இழுக்க லேசெண்டா அருச்சுனர் எதுக்கு? வண்ணக்கரே போதுமே.

செப்டெம்பர் 14, சனி

ஓட்டமாவடிக்குப் போனம். ஹோட்டல் பழஞ்சாமான் வாங்கி விக்கிற ஹில்மி எடுத்து வைச்சார். பச்சையும் மண்ணிறமுமா, ஆமிக்காரன்ட சட்டை மாதிரி. மஞ்சள் சீலை சுத்தலாம் — சுத்தினாலும் உள்ளுக்கு அதுதானே?

"உள்ளதைச் சொல்றன் அம்மா, இது இடக்கையாளுக்குச் செய்தது. அதான் மலிவு. மற்றது, அம்பு வைக்காம நாணை இழுத்து விடவே கூடா. வெடிச்சுச் சிதறும். இழுக்கிறவருக்கு மறக்காமச் சொல்லுங்க."

எங்கட சடங்கில அம்பே இல்ல. நாணை இழுத்து விட்டுச் சத்தம் காட்டுறதுதான். கட்டாயம் சொல்லணும். நான் மறக்கிற ஆளா?

செப்டெம்பர் 15

சாத்திரத்தில சில்லுக்குத் தடையில்லையாம், பூசாரியார் சொல்றார். சில்லு வைச்ச வில்லையே காணாதவன் எழுதின சாத்திரத்தில தடை எங்கால வரும்?

வண்ணக்கர் அதுக்கு மேல. "அருச்சுனர் ரெண்டு கையாலயும் எய்தவர். இடக்கை வில்லு நல்ல பொருத்தம்." உதயரூபனுக்கு இடக்கையால வாளி தூக்கவே வராது. அவனை ஆர் கேட்டது?

வாங்குறதா, விடுறதா?

செப்டெம்பர் 16

மச்சாள் சொல்லியனுப்பியிருக்கா: "ஏலாட்டிச் சொல்லச் சொல்லு. வில்லையும் நாங்களே குடுக்கிறம்."

வாங்குறன்.

ஒக்டோபர் 2

வில்லு மஞ்சள் சீலையோட சாமியறையில இருக்கு. ஹில்மி சொன்னதை உதயரூபனுக்குச் சொல்லணும். "நான் போய்ச் சொல்றன்" எண்டாள் விதுர்ஷா. வேணாம் எண்டன். வில்லெடுக்க அருச்சுனர் வேசம் போடுறவன்ட தாய் எங்கட வாசலுக்கு வாறதுதான் முறை. வந்து நிக்கட்டும். அப்ப சொல்லுவன்: இழுக்கச் சொல்லு, விடப்படாது.

ஒக்டோபர் 9

மச்சாளுக்கு முழங்கால் நோவாம். வண்ணக்கர் வந்து வில்லை எடுத்துப் போனார். அவரிட்ட நான் ஏன் சொல்லணும்? அவ வந்து கேக்கட்டும். சடங்குக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கே.

ஒக்டோபர் 11, வெள்ளி

பொம்பிளையள் குரவை போட உதயரூபன் இழுத்தான். என்ட வாய் திறக்கிறதுக்குள்ள — விட்டான்.

குண்டு மாதிரிச் சத்தம். பாதிச் சனம் குப்புறப் படுத்திட்டுது. பழைய பழக்கம். எல்லாருக்கும் முதல் படுத்தவர் வண்ணக்கர். ஒரு சில்லு மடைப்பள்ளிக் கூரையில. புள்ளைட புருவத்துக்கு மேல ஏழு தையல். கண்ணுக்கும் அதுக்கும் ஒரு விரற்கடை.

ஒக்டோபர் 13

அந்தச் சத்தம் அம்மன் வாய் திறந்து பேசினதாம். அடுத்த வருசமும் இதே மாதிரி வில்லு வேணுமாம், வண்ணக்கர் சொல்லிக்கொண்டு திரியிறார்.

பின்னேரம் மச்சாள் முழங்காலை இழுத்து இழுத்து வந்தா. கையில எங்கட உலக்கை. பூண்கூடக் கழரல்ல.

"மச்சாள், இதைத் தராம வைச்சிருந்ததுக்குத்தான் அம்மன் என்ட புள்ளையில தொட்டுக் காட்டிப்போட்டா. என்னை மன்னிச்சிரு."

ஓம் எண்டன். தண்ணி குடுத்தன், குடிச்சா. விதுர்ஷா கதவடியில நிண்டு என்னையே பார்த்தாள்.

உலக்கையை மூலையில சாத்தியிருக்கு. மங்கையற்கரசிய மன்னிச்சிட்டன். வண்ணக்கர் தங்கராசாவையும் மன்னிச்சிட்டன், போகட்டும்.

இரத்தினம்மாவ மன்னிக்கமாட்டன்.