வெண்டல் தோற்ற விதம்

நியூயார்க்
3 பிப்ரவரி 1997

அன்புள்ள லூசியஸ்,

முதுகுவலி எப்படி இருக்கிறது? எனக்கு வயிறு மட்டும்தான் வளர்கிறது. வர்ணனைக்கு உட்காருமுன் பவுடர் போடுகிற பெண், "சார், உங்களுக்கு முகம் எங்க முடியுதுன்னே தெரியல" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சேனலின் செல்லப்பிள்ளை கைல் டெக்கரைப் பார்த்திருப்பாய். பார்க்காமல் தப்பிக்க முடியாது, படத்துக்கும் படத்துக்கும் நடுவில் அவன்தான் சிரிக்கிறான். ஆறு குத்துச்சண்டைக்கு ஒப்பந்தம். ஒவ்வொன்றுக்கும் முப்பது லட்சம் டாலர், எதிரே நிற்பது யாராக இருந்தாலும். அப்புறம் அவன் பலமான ஆளையா எதிரே கேட்பான்? "கொஞ்சம் வயசான ஆளாப் பாரு, குத்து மெதுவா விழணும்" என்று மாடியில் இருக்கும் முதலாளிகள் உத்தரவு. நீ பயிற்சி கொடுக்கும் வெண்டலின் பெயரை நான்தான் சொன்னேன். முப்பத்து நாலு வயது, இருபத்தாறு வெற்றி, பகலில் வீட்டுச் சாமான் தூக்குகிறவன். திரையில் எடுபடும். இருபதாயிரம் தருவார்கள்.

கோபப்படுவாய். பட்டுவிட்டு, சரி என்று எழுது.

உன்
கார்மைன்


டொலீடோ, ஒஹாயோ
11 பிப்ரவரி 1997

அன்புள்ள கார்மைன்,

கோபப்பட்டாகிவிட்டது. சரி.

வெண்டல் துள்ளிக் குதிக்கவில்லை. "கோச், அந்தப் பையன் இடது கையைத் தொங்கப் போடுறான், கவனிச்சீங்களா?" என்றான். பணத்தைப் பற்றி அவன் மனைவி லொரெட்டாதான் கேட்டாள். அவன் கேட்டது வேறு. "பதினாறு வருஷமா அடிக்கிறேன், அடி வாங்குறேன். நான் நல்லா சண்டை போடுறவனா இல்லையான்னு ஒருத்தரும் சொன்னதில்ல. ஒரு தடவையாவது தெரிஞ்சுக்கணும்."

புள்ளி போடுகிற மூன்று பேரும் டெக்கர் பக்கம் சாய்வார்கள் என்று அவனுக்கே தெரியும். "அவங்க கிடக்கட்டும். டி.வி. திரை ஓரத்துல கார்மைன் சார் தன் கணக்குக்குப் போடுற புள்ளி வரும்ல, அது போதும் எனக்கு" என்கிறான். உன்னை இப்படி நம்புகிற ஆள் உலகத்தில் ஒருவன்தான் மிச்சம். பார்த்துக்கொள்.

லூசியஸ்


டொலீடோ
29 ஏப்ரல் 1997

கார்மைன்,

'அன்புள்ள' விடுபட்டது மறதியால் அல்ல.

ஏழாம் சுற்றில் வெண்டலின் வலது கை பட்டு உன் செல்லப்பிள்ளை முட்டிபோட்டு உட்கார்ந்தான். வழுக்கி விழுந்ததாக நடுவர் சொன்னார். மேடையில் அவன் காலடி மட்டும் ஈரம் போலிருக்கிறது. கடைசி மூன்று சுற்றும் அவன் ஓடியதை உடற்பயிற்சிப் பாடமாகவே காட்டலாம். மூன்று பேர் புள்ளியும் அவனுக்கே. எதிர்பார்த்ததுதானே, நாங்கள் தலை நிமிர்ந்தே இறங்கினோம்.

காரில் வெண்டல், "நான் ஜெயிச்சேன்ல, கோச்?" என்றான். "ஜெயிச்சேடா" என்றேன். உதடு கிழிந்திருந்தது. ஆனாலும் அட்லாண்டிக் சிட்டியிலிருந்து டொலீடோ வரை ஒன்பது மணி நேரமும் சிரித்துக்கொண்டே வந்தான்.

வீட்டில் டி.வி. பார்த்த என் மைத்துனன் சொல்கிறான், பத்துச் சுற்றில் ஏழு சுற்றை நீ டெக்கருக்குக் கொடுத்தாயாம். வெண்டல் காதுக்கு இது போகவில்லை. நிஜமா?

லூசியஸ்


நியூயார்க்
9 மே 1997

அன்புள்ள லூசியஸ்,

(நான் போடுவேன்.)

நிஜம்தான். எங்கள் காதில் ஒன்றை மாட்டிவிடுகிறார்களே, அதில் சேனல் ஆள் ஒருவன் மூன்றாம் சுற்றிலிருந்து, "டெக்கர் குத்தைச் சொல்லு கார்மைன், டெக்கர் குத்தைச் சொல்லு" என்று ஓதிக்கொண்டே இருந்தான். வாய் அதையே சொன்னால் கண்ணும் அதையே பார்க்கிறது. டெக்கரின் செப்டம்பர் சண்டைக்கு விளம்பரம் விற்றாகிவிட்டது. தோற்றவனை வைத்து எதை விற்பார்கள்? எனக்கு வயது ஐம்பத்து மூன்று, வேறு தொழில் தெரியாது. இந்தத் தொழிலே தெரியாது என்பாய்.

ஆனால் வெண்டலை எவ்வளவு புகழ்ந்தேன் தெரியுமா? 'என்ன நெஞ்சுரம்!' என்று நாலு தடவை. பிள்ளைகள் பார்க்கட்டுமே என்று கேசட்டை அவன் வீட்டுக்கே அனுப்பிவிட்டேன். இதற்காவது கொஞ்சம் இளகு.

உன்
கார்மைன்


டொலீடோ
2 ஜூன் 1997

கார்மைன்,

கேசட் வந்தது. லொரெட்டா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் கோழி பொரித்தாள். நானும் போனேன். முதல் இரண்டு சுற்றுக்கும் ஒரே கைதட்டல். ஐந்தாவதில் அது நின்றுவிட்டது. உன் குரல் நல்ல குரல், கார்மைன். காற்றில் போன டெக்கர் குத்துகூட வெண்டல் மேல் விழுந்ததாக எனக்கே தோன்றியது. ஏழாவதில் நீ "வழுக்கிட்டாரு" என்றபோது எல்லோரும் வெண்டலைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து சத்தத்தைக் குறைத்தேன். "இருக்கட்டும் கோச், கூட்டி வைங்க" என்றான் வெண்டல்.

முடிந்ததும் தட்டைக் கீழே வைத்தான். "நான் தோத்துதான் போயிருக்கேன். உள்ள நிக்கும்போது தெரியல."

"டேய், அவனை உட்கார வெச்சது உன் கைடா!" என்று கத்தினேன்.

"கார்மைன் சார் இத்தனை பக்கத்துல உட்கார்ந்திருந்தாரே, கோச்."

அதற்குப் பிறகு பயிற்சிக்கு வரவில்லை. கையுறைகளை லொரெட்டாவிடம் கொடுத்தனுப்பினான். நேற்று மன்ரோ தெருவில் ஒரு சோபாவை இறக்கிக்கொண்டிருந்தான். பேசிப் பார்த்தேன். என் தோளைத் தட்டிக்கொடுத்தான். "என்னைத் தேத்தணும்னுதானே ஜெயிச்சேன்னு சொன்னீங்க. பரவால்ல கோச், தப்பா எடுத்துக்கல."

பொய் சொன்னதற்காக அவன் என்னை மன்னித்துவிட்டான், கார்மைன்.

கேசட்டுக்கு உனக்கு நன்றி சொல்லச் சொன்னான். சொல்லிவிட்டேன். இனி எழுதாதே.

லூசியஸ் டாலிவர்